ஃபிரிட்ஜ் நின்ற மத்தியானம்

மனித குலம் இதுநாள்வரை பயத்தைச் சில்லறையாகத்தான் அனுபவித்து வந்திருக்கிறது; அதை முறையாகத் தயாரித்து மொத்தமாக வழங்கும் பொறுப்பை இந்த மார்கழி முதல் மந்தைவெளி, மூன்றாவது மாடி, டி-4 ஃப்ளாட் ஏற்றுக்கொள்கிறது என்று பிரணவ் அறிவித்தான்.

அறிவிப்பு வெளியான நேரத்தில் அவையில் மூன்று பேர் இருந்தார்கள். அவன் மனைவி ஹம்சா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். ஹம்சாவின் தம்பி கிச்சா அடுத்த தோசைக்குக் காத்திருந்தான். பாத்திரம் தேய்க்க வரும் பேச்சியம்மாள், அறிவிப்பு முடியட்டும் என்று மரியாதையாக நின்றுவிட்டு, "துன்னு முட்ச்சிட்டியா நைனா? அந்தத் தட்ட இப்டி குடு" என்றாள்.

"ஒரு லட்சம் சப்ஸ்க்ரைபர். பொங்கலுக்குள்ள. யூட்யூப்லேருந்து வெள்ளி ஷீல்டு ஆத்துக்கு வரது" என்றான் பிரணவ்.

ஷீல்டுக்கு இடம்கூடத் தயார். ஷோகேஸின் நடுத்தட்டு. ஹம்சா கல்லூரி நாளில் பாட்டுப் போட்டியில் வாங்கிய கோப்பை அதுவரை அங்கேதான் நின்றிருந்தது. இப்போது அது பாத்ரூமில் டூத் பிரஷ்களைத் தாங்கிக்கொண்டிருந்தது.

பிரணவுக்கு நாற்பத்திரண்டு வயது. கலைக்காக ஒரு கம்பெனி வேலையை உதறியவன் என்று அவன் சேனலின் அறிமுகப் பக்கம் சொல்கிறது. கம்பெனிதான் முந்திக்கொண்டது என்பது ஹம்சாவின் கட்சி. எது எப்படியோ, அமெரிக்காவில் வளரும் குழந்தைகளுக்கு அவள் விடியற்காலையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சொல்லித்தரும் சரளி வரிசையில்தான் வீடு ஓடுகிறது. பிரணவ் 'அடுத்த அறை' என்ற சேனலை ஓட்டுகிறான். எல்லாம் ஐந்து நிமிஷப் பேய்ப் படங்கள். கதை ஒன்றுதான். ஒரு பெண் வீட்டில் தனியாக வேலை செய்துகொண்டிருப்பாள். அடுத்த அறையிலிருந்து ஏதோ வரும். அவள் கத்துவாள். மொத்தமே இரண்டு அறைகள் உள்ள ஃப்ளாட்டில் அடுத்த அறை எது என்று பார்வையாளர்கள் குழம்ப வழியில்லை.

சேனலைத் தூக்கி நிறுத்தியது பேய் இல்லை. அந்தக் கத்தல்தான். சின்ன வயசிலிருந்து பாடிப் பழகிய தொண்டை. அடிவயிற்றில் கிளம்பி, மேல் ஸ்தாயியில் ஏறி, துளிப் பிசிறில்லாமல் நிற்கும். 'மேடம் நின்ற இடம் பஞ்சமம்தானே?' என்று ஒருவர் கீழே எழுத, 'தைவதம், காதைச் சுத்தம் செய்யவும்' என்று இன்னொருவர் பதில் போட, ஊரே திரண்டு வந்து சண்டை பிடித்தது. இந்தப் பக்கத்து ஜனங்கள் பேய் வந்தாலும் முதலில் சுருதி சேர்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

அந்தக் கத்தல் எதுவும் நடிப்பு இல்லை. "நடிக்கச் சொன்னா பல்லக் காட்டிண்டு நடிப்பா. நெஜமான பயத்துக்கு ரிகர்சல் கெடையாது" என்பது பிரணவின் கொள்கை. ஆகவே எப்போது, எந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து பேய் வரும் என்று ஹம்சாவிடம் சொல்லும் வழக்கமில்லை. சாம்பார் பொடி டப்பாக்களுக்கு நடுவே ஒரு கேமரா, மிக்ஸிக்குப் பின்னால் இன்னொன்று. அவள் துணி மடிப்பாள், பால் காய்ச்சுவாள், பேய் வரும்.

கார்த்திகையில் அவள் குரல் கம்மிப்போயிற்று. அடையாறில் ஒரு தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "குரல் நாண் வீங்கியிருக்கும்மா. கத்தற வேலையா பாக்கறீங்க? காய்கறி மார்க்கெட்டா?" என்று கேட்டார். இனி ஒருமுறை அடித்தொண்டையில் கத்தினால் ரத்தம் கட்டிவிடும் என்றார். அதே வாரம், வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த மயிலாப்பூர் சபாவிலிருந்து தகவல் வந்தது. மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானக் கச்சேரி ஹம்சாவுக்கு. டிக்கெட் கிடையாது. கேண்டீனில் கீரை வடை போடும் வரைக்கும் பொழுது போகவேண்டியவர்கள் வந்து உட்காரும் கச்சேரி. ஆனாலும் மேடை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஏறப்போகும் முதல் மேடை.

"கச்சேரி முடியற வரைக்கும் எனக்குப் பயங்காட்டப்படாது" என்றாள் ஹம்சா.

"சத்தியமா" என்று கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான் பிரணவ். அது பஸ் டிப்போ இருக்கும் திசை.

சத்தியம் இரண்டு நாள் தாங்கியது.

படமெடுப்பது எப்போதும் பட்டப்பகலில்தான். பேய் என்றால் ராத்திரி என்று நினைப்பவர்கள் மந்தைவெளியில் வசித்ததில்லை. ராத்திரியில் நாய், ஆட்டோ, எதிர்வீட்டு டிவி, விடிவதற்குள் பஜனை. ஊர் வாயை மூடுவது மத்தியானம் சாப்பிட்டுப் படுக்கும் ஒன்றரை மணி நேரம் மட்டும். ஹம்சா குளிக்கப் போகும்போது பிரணவ் ஜன்னல்களுக்குக் கம்பளி மாட்டுவான். கேட்டால் கொசு என்பான். பிறகு ஃபேனை நிறுத்துவான், சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றுவான், கடைசியாக ஃபிரிட்ஜை அணைப்பான். அது பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். லாரி ஏற்றத்தில் போவதுபோல உறுமும். உறுமல் நின்றால் வீடே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"உன் சினிமாவுக்கு அத்த அமுத்தி அமுத்தி உட்றியே, தர பூரா தண்ணி ஊத்திக்கினு கீது. ஃபிரீசர்ல பாத்தியா, ஐஸு மலை மாரி ஏறிக்கீது. ஒரு ஐஸ்கிரீம் டப்பா போவாது" என்று பேச்சியம்மாள் பலமுறை சொல்லியிருக்கிறாள். கலைஞன் காதில் அதெல்லாம் ஏறவில்லை.

பேய் வேஷம் கிச்சாவுக்கு. ஈக்காட்டுத்தாங்கலில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவன். பகலில் சும்மா இருப்பவன். அக்கா சமையலில் வளர்பவன். முகத்தில் அரிசி மாவு, கண்ணைச் சுற்றி மை, தலையோடு சேர்த்து ஒரு நீளமான வெள்ளை உறை. அது ஹம்சாவின் தம்பூராவுக்குத் தைத்த உறை. தம்பூரா பரண்மேல் அம்மணமாகக் கிடந்தது.

"பேய் பயமில்லடா கிச்சா" என்று வாஷிங் மெஷினுக்குப் பின்னால் அவனைக் குந்தவைத்துவிட்டுப் பிரணவ் உபதேசம் பண்ணுவான். "பேய் வந்துடுத்துன்னா பயம் தீந்துபோச்சு. வரப்போறதுங்கறதுதான் பயம். மொதல்ல சத்தத்தப் பிடுங்கிண்டுடணும். காதுக்கு ஒண்ணும் கெடைக்கலேன்னா மனுஷன் தானா எதையாவது நெனைக்க ஆரம்பிப்பான். அப்புறம் ஒரு பொய்ப் பயம். குக்கர் விசில், பூனை, ஏதோ ஒண்ணு. 'சீ, இவ்ளோதானா'ன்னு தோள் எறங்கும் பாரு? அப்போ வரணும் நீ. தோள் எறங்கறதுக்கு முன்னால வந்தா நீ பேயில்ல, கூரியர்காரன்."

"கால் மரத்துப்போறது அத்திம்பேர்."

"கலைடா."

மூன்று மத்தியானம் முயற்சி செய்தார்கள். கத்தல் இல்லாமல் வெறும் முகபாவம் கிடைத்தால் போதும், அது சத்தியத்தில் சேராது என்பது பிரணவின் வியாக்கியானம். முதல் நாள் கிச்சா பாய்ந்தபோது ஹம்சா மோர் கடைவதை நிறுத்தவில்லை. இரண்டாம் நாள் திரும்பிப் பார்த்து, "மாவ வேஸ்ட் பண்ணாதடா, சாயங்காலம் கொழுக்கட்டைக்கு வேணும்" என்றாள். மூன்றாம் நாள் திரும்பவே இல்லை. "கிச்சா, மூஞ்சி அலம்பிண்டு வா. காபி கலந்திருக்கேன்."

பிரணவ் ஹாலில் இருந்து பாய்ந்து வந்தான். கம்பளி மாட்டிய வீட்டுக்குள் ஃபேன் இல்லாமல் வெந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வேணும்னு பண்றே நீ!"

"எத?"

"பயப்படாம இருக்கே!"

"ஓ, அது தப்பா?" என்றாள் ஹம்சா. "மன்னிச்சுக்கோங்கோ டைரக்டர் சார். ஆத்துக்காரர் ஆசப்பட்டு மச்சினனுக்கு மாவ பூசி விட்டிருக்கார், நான் பாட்டுக்கு மோர் கடஞ்சிண்டிருக்கேன். பெரிய தப்பு."

"கிண்டல் பண்ணாத. மூணு வருஷமா ஒரு விஞ்ஞானத்த வளத்துண்டு வந்திருக்கேன்..."

"விஞ்ஞானமா? தம்பூரா உறைய என் தம்பி தலையில மாட்டறது விஞ்ஞானம். கோப்பையில பிரஷ் போடறது விஞ்ஞானம். சத்தியம் பண்ணிட்டுக் கம்பளி மாட்டறேளே, அது இன்னும் பெரிய விஞ்ஞானம்."

"உனக்குப் பொறாம. உன் பாட்ட முப்பது பேர் கேப்பான். உன் கத்தல எண்பதாயிரம் பேர் கேட்டான்."

காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கிச்சா அப்படியே நின்றான். முகத்து மாவில் வியர்வை கோடு போட்டு இறங்கியது.

ஹம்சா கரண்டியைக் கீழே வைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கோபம் வந்தால் கையில் இருக்கும் கடைசிச் சீட்டையும் போட்டுக் காட்டாமல் விடும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

"உங்க பேய் எப்போ வரும்னு எனக்கு எப்படித் தெரியறதுன்னு யோசிச்சேளா? இந்த மாசம்தான் பிடிபட்டது. ஃபிரிட்ஜ் நின்னுதுன்னா வரும். அவ்ளோதான் உங்க விஞ்ஞானம். அந்த உறுமல் நின்ன உடனே நான் பல்லக் கடிச்சிண்டு தயாரா நிப்பேன். முட்டாள் மாதிரி நீங்களே எனக்கு மணி அடிச்சுட்டு, நீங்களே பயமுறுத்த வரேள்."

பிரணவ் முகத்தில் கோபம் வடிந்து வேறு ஏதோ ஏறுவதைக் கிச்சா பார்த்தான். வாய் திறந்து அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காபி ஆறிவிடும் என்று குடித்தான்.

புதன்கிழமை மத்தியானம் கம்பளி இல்லை. ஃபேன் சுற்றியது. கடிகாரம் ஓடியது. ஃபிரிட்ஜ் வழக்கம்போல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தது. பிரணவ் அடையாறு வரை போய்விட்டு வருவதாகச் சொல்லி, செருப்புச் சத்தம் கேட்க இறங்கிப்போய், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி வந்திருந்தான். ஹம்சா சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்தாள். வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்த கிருதியை வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தாள். கடல் காற்று ஜன்னல் வழியே வந்தது. குக்கர் ஒரு விசில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. தோள் இறங்கியது. மறுபடி பூவைக் கையில் எடுத்தாள்.

வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து கிச்சா எழுந்தான்.

அந்தக் கத்தலைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. எங்கேயோ மேலே ஏறியது. ஏறிய இடத்தில் துணி கிழிவதுபோல ஒரு சத்தம். அப்புறம் வெறும் காற்று.

"ஆஹா!" என்று ஹாலிலிருந்து ஓடி வந்தான் பிரணவ். "ஆஹாஹா! இதான்! கிச்சா, பாத்தியா? மூணு வருஷத்துல இதான் டேக்!"

கிச்சா உறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "அக்கா... அக்கா, பேசேன். அத்திம்பேர், அவளுக்குச் சத்தம் வரலை."

பிரணவ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எடுத்ததைப் போட்டுக் கேட்டான். முகம் சுருங்கியது. மறுபடி போட்டான். கத்தலுக்கு முன்னும் பின்னும், கத்தலின் அடியிலும், ஒரு லாரி ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தது. அவன் காசு கொட்டி வாங்கிய மைக் அதை ஒரு உறுமல்கூட விடாமல் பிடித்திருந்தது.

ஹெட்போனைக் கழற்றினான். ஹம்சாவைப் பார்த்தான்.

"ஒன் மோர் போலாமா?" என்றான்.

வாழைப்பூ முறத்தோடு அவன் மார்பில் வந்து விழுந்தது.

டாக்டர் மூன்று வாரம் பேசவே கூடாது என்றார். சபாவுக்குக் கிச்சா போய்ச் சொல்லிவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த இடத்தில் கே.கே. நகர்ப் பெண் ஒருத்தி பாடினாள். நன்றாகப் பாடினாள் என்று கீரை வடை சாப்பிட்டவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் சபா செயலாளர் சுப்புலக்ஷ்மி மாமி பிரணவுக்குப் போன் பண்ணினாள். அவன் பால்கனிக்குப் போய் எடுத்தான்.

"பாவம்டா ஹம்சா. தொண்டை சரியாகட்டும். தையில ஒரு தேதி எடுத்து வெக்கட்டுமா?"

பிரணவ் கண்ணாடிக் கதவு வழியே உள்ளே பார்த்தான். ஷோகேஸின் நடுத்தட்டு காலியாக இருந்தது. கச்சேரி என்று ஒன்று இருந்தால் அவள் தொண்டையைப் பொத்திப் பொத்திதான் வைத்துக்கொள்வாள். கச்சேரி இல்லையென்றால் மூன்று வாரத்தில் அந்தத் தொண்டை சேனலுக்குத்தான்.

"வேண்டாம் மாமி. அவளுக்கே இப்போ பாட்டுல இஷ்டமில்ல" என்றான்.

அதன் பிறகு வீட்டில் விழுந்த அமைதி அவன் எந்தப் படத்திலும் கொண்டுவராதது. ஹம்சா சமைத்தாள், பரிமாறினாள், துவைத்தாள். அழவில்லை, முறைக்கவில்லை. ரசத்தைத் தட்டில் ஊற்றும்போது அவன் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள் என்று பிரணவுக்குத் தோன்றியது. அவளுக்குத் தெரிந்துவிட்டதா? மாமி கிச்சாவிடம் சொல்லியிருப்பாளோ? பின்னாலிருந்து அவள் வரும்போதெல்லாம் அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கையில் துடைப்பமோ தயிர்க் கிண்ணமோதான் இருந்தது.

"இன்னா சாரு, மூஞ்சி பேயறஞ்ச மாரி கீது?" என்றாள் பேச்சியம்மாள். "உனுக்கே நீ பேயி காட்ட ஆரம்பிச்சிட்டியா?"

போகிக்கு முந்தின வாரம். மத்தியானம். மூன்று வாரம் முடிய இன்னும் நாள் இருந்தது. கிச்சாவை எதற்கோ திருவான்மியூருக்கு அனுப்பியிருந்தாள் ஹம்சா. பிரணவ் ஹாலில் மேஜைமுன் வெறுங்காலோடு உட்கார்ந்து, அந்தக் கத்தலிலிருந்து லாரியைப் பிரித்தெடுக்கப் பத்தாவது தடவையாகப் போராடிக்கொண்டிருந்தான். ஹெட்போனைக் கழற்றி வைத்தபோது ஏதோ குறைந்தது.

ஃபிரிட்ஜ் நின்றிருந்தது.

கரண்ட் போகவில்லை. தலைக்குமேல் ஃபேன் ஓடியது. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. அது சாத்துகிற வழக்கமில்லாத கதவு.

"ஹம்சா?" என்றான். அவள் பேசமாட்டாள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

உள்ளே எதையோ தரையில் இழுத்தாள். நிறுத்தினாள். ஒரு உலோகம் இன்னொரு உலோகத்தில் பட்டது. கத்தியா? வடைச் சட்டுவமா? பிரணவ் எழுந்திருக்க நினைத்தான், எழுந்திருக்கவில்லை. முதலில் சத்தத்தைப் பிடுங்கவேண்டும். பிடுங்கிவிட்டாள். இப்போது அவன் தானாக நினைக்க ஆரம்பித்தான். மாமி சொல்லியிருக்கிறாள். நிச்சயம் சொல்லியிருக்கிறாள். அதற்காகத்தான் கிச்சாவை வெளியே அனுப்பியிருக்கிறாள். இத்தனை நாள் ரசம் ஊற்றினாளே, அதெல்லாம் காத்திருப்பு.

விர்ரென்று ஒரு சத்தம். நாற்காலியோடு துள்ளினான்.

குக்கர். வெறும் குக்கர்.

"சீ" என்றான். சிரித்தான்கூட. நெற்றியைத் துடைத்துக்கொண்டான். தோள் இறங்கியது.

அப்போது மேஜைக்கு அடியில், சில்லென்று, ஈரமாக, ஏதோ ஒன்று அவன் பாதத்தைத் தொட்டது.

கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்து வெளியே வந்து பார்த்தாராம். இஸ்திரி வண்டிக்காரர் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தாராம். பிரணவ் நாற்காலிமேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு, சுருதியே இல்லாத ஒரு குரலில் கத்திக்கொண்டிருந்தான். கத்தல் பாதியில் வார்த்தையாக மாறிற்று.

"நான்தான் சொன்னேன்! மாமி தையில தேதி தரேன்னா! நான்தான் வேண்டாம்னுட்டேன்! உனக்குப் பாட்டுல இஷ்டமில்லேன்னு நான்தான் சொன்னேன்! ஷீல்டுக்காகச் சொன்னேன்! ஒண்ணும் பண்ணிடாத ஹம்சா!"

சமையலறைக் கதவு திறந்தது. ஹம்சா நின்றாள். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் சொட்டும் துணி. நாற்காலிமேல் குந்தியிருந்தவனை வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து அவனுக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரிந்தது. இதெல்லாம் அவளுக்கு இந்த நிமிஷம்வரை தெரியாது.

துணியைத் தரையில் போட்டாள். மேஜைமேல் இருந்த அவன் போனை எடுத்து, எண்ணைத் தேடி, ஸ்பீக்கரில் போட்டு, அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"பிரணவா? என்னடா?" என்றாள் சுப்புலக்ஷ்மி மாமி.

"மாமி... ஹம்சாவுக்கு... தையில அந்தத் தேதி..."

"இஷ்டமில்லேன்னியே?"

போன் அவன் பல்லில் இடித்தது.

"நான் பொய் சொன்னேன் மாமி."

மறுமுனையில் டைரியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மாமி, "நல்ல தேதியெல்லாம் குடுத்தாச்சு. கடைசி ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒண்ணு கெடக்கு. சீசன் முடிஞ்சுடும், கேண்டீன் இருக்காது. பரவாயில்லையான்னு கேளு" என்றாள்.

கேண்டீன் இல்லாத மத்தியானக் கச்சேரிக்கு மயிலாப்பூரில் யார் வருவார்கள் என்பது ஹம்சாவுக்கும் தெரியும். தலையை ஆட்டினாள்.

"பரவாயில்லையாம் மாமி" என்றான் பிரணவ்.

போனை அணைத்து அவன் மடியில் எறிந்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு அவள் திரும்பினாள். பிரணவ் ஒவ்வொரு காலாகக் கீழே இறக்கினான். மூச்சு சீராக வர வர, நெஞ்சும் கொஞ்சம் நிமிர்ந்தது. அவமானத்தைவிட அவனுக்குள் கலைஞன் பெரியவன்.

"ஹம்சா, ஒண்ணு சொல்லியாகணும்" என்றான். "மொதல்ல சத்தத்தப் பிடுங்கினே. கதவச் சாத்தினே. அப்புறம் குக்கர் விசில். தோள் எறங்கற வரைக்கும் பொறுத்திருந்து, அதுக்கப்புறம் பாதத்துல அந்தச் சில்லிப்பு. என் மொத்தப் பாடத்தையும் எனக்கே திருப்பிக் காட்டிட்டே. இது உலகத் தரம். எத்தன நாளாத் திட்டம் போட்டே?"

ஹம்சா முட்டி போட்டு, சாத்திய கதவையும் மீறி மேஜையடி வரை ஓடி வந்திருந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஃபிரீசரில் ஐஸ் ஏறியிருந்தது. அதைக் கரைக்கத்தான் ஃபிரிட்ஜை அணைத்திருந்தாள்.